உள்ளே போட்டால் தெளிந்துவிடுமா?

"பிடிச்சு உள்ள போடுங்க சார். மூணு மாசம் கம்பி எண்ணிட்டு வந்தா எல்லாம் தெளிஞ்சிரும்." போடிநாயக்கனூரில் இந்தப் பேச்சை நான் கேட்காத இடம் இல்லை. ஏலக்காய்க் கமிஷன் கடையில் கேட்டிருக்கிறேன், ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மைக் வைத்தே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களையெல்லாம் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். கடக்க முடியாத ஒருத்தி உண்டு. பெற்ற தாய். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று, "ஏதாச்சும் ஒரு கேஸ எழுதி நீங்களே வச்சுக்கிருங்கய்யா, வெளிய இருந்தா செத்துப்போயிருவான்" என்று கும்பிடுகிறாளே, அவள். அவளுக்குத் தண்டனையைப் பற்றிய தத்துவம் எதுவும் கிடையாது. காதுக் கம்மல் போய்விட்டது, கேஸ் சிலிண்டர் போய்விட்டது, தட்ட வேறு கதவு இல்லை. ஆஸ்பத்திரிக் கதவு எது என்று யாரும் காட்டாததால் ஸ்டேஷன் கதவைத் தட்டுகிறாள்.

அவள் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனாலும் சொல்லியாக வேண்டும்: அவள் கேட்பது நடந்தால், அவள் எதற்குப் பயப்படுகிறாளோ அதுதான் நெருங்கி வரும். சிறைக்குப் போகிற நாளைவிட, சிறையிலிருந்து திரும்பி வருகிற நாள்தான் அவள் மகனுக்கு ஆபத்தான நாள். இதை ஊர் நம்புவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கஞ்சா வியாபாரிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் கிளம்புவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டத்துக்கும் கஞ்சாவுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை. வருசநாட்டு மலைகளிலும் இடுக்கிக் காடுகளிலும் அதைப் பயிரிட்ட காலம் இருந்தது. அந்தத் தோட்டங்கள் அழிக்கப்பட்ட பிறகு, ஆந்திரத்தின் விசாகப்பட்டினம் மலைப்பக்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சரக்கு கம்பத்துக்கு வந்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்கு ஏறுகிறது. இதைத் தடுக்க 2021 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறை 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியது. பிறகு 2.0, 3.0, 4.0 என்று சினிமாப் படம் மாதிரி பாகம் பாகமாக வந்தது. தென்மாவட்டங்களில் வியாபாரிகளின் வங்கிக் கணக்கையும் சொத்தையும் முடக்கினார்கள். 1982-ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் ஓராண்டு வரை அடைத்தார்கள். 20 கிலோவுக்கு மேல் கடத்துகிறவனுக்குப் பத்து முதல் இருபது ஆண்டு என்று சட்டம் சொல்கிறது; மதுரை சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. நடக்கட்டும். எனக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை.

மறுப்பு வேறு இடத்தில். அதே வலையில் சட்டைப்பையில் ஒரு பொட்டலத்தோடு அகப்பட்டவனும் விழுகிறான். தன் பொட்டலத்துக்குக் காசு வேண்டும் என்பதற்காகவே நாலு பேருக்கு விற்கிறவனும் விழுகிறான். குடித்துவிட்டு அடிதடியில் மாட்டியவனும், மருந்துக்கடை மாத்திரைக்காக மோட்டார் திருடியவனும் அதே சிறைக்குத்தான் வருகிறார்கள். இவர்களைப் பற்றித்தான் ஊர் "தெளிஞ்சிரும்" என்கிறது. எது தெளியும், எத்தனை நாளில், எதற்குப் பிறகு? கேட்டால் பதில் இல்லை.

குடிகாரனை எடுத்துக்கொள்வோம். ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் கூலிகளில் அவன்தான் அதிகம். பத்து வருடமாகத் தினமும் குடித்தவனை ராத்திரி பிடித்து, மறுநாள் ரிமாண்ட் செய்கிறார்கள். அன்று சாயங்காலமே கை நடுங்க ஆரம்பிக்கும், வியர்த்துக் கொட்டும், சோறு இறங்காது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சுவரில் எறும்பு ஊர்கிறது என்பான், செத்துப்போன தகப்பன் கூப்பிடுகிறான் என்பான், எழுந்து ஓடப் பார்ப்பான். பக்கத்தில் படுத்திருப்பவன் பேய் பிடித்துவிட்டது என்கிறான். காவலர், கேஸிலிருந்து தப்பிக்க நடிக்கிறான் என்கிறார். இரண்டும் இல்லை. குடி நின்றதும் மூளை நிலைகொள்ளாமல் தத்தளிக்கிறது. கவனிக்காவிட்டால் இதில் ஆள் சாவதுண்டு. கவனித்தால் டயஸிபாம் போன்ற விலை குறைந்த மாத்திரையும் தயாமின் ஊசியும் போதும், ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஆக, குடிகாரன் சிறையில் தானாகத் தெளிவதில்லை. மருந்தால் தெளிகிறான், அல்லது அதிர்ஷ்டத்தால் பிழைக்கிறான்.

கஞ்சாவுக்கு இந்த ஆபத்து இல்லை. நிறுத்தியவனுக்குத் தூக்கம் வராது, எரிச்சல் வரும், பசி போகும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். சிலருக்கு மனநோயின் கூறுகள் தலைதூக்கும். அவர்களை மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும். மற்றபடி கஞ்சாவை நிறுத்தினால் உயிர் போகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். "தெளிஞ்சிரும்" என்ற ஊர்ப் பேச்சுக்குக் கொஞ்சமாவது ஆதாரம் இருப்பது இங்கே மட்டும்தான். அதையே எடுத்து எல்லாப் போதைக்கும் பொருத்திவிட்டார்கள்.

உயிரை வாங்குவது மூன்றாவது வகை. அபினின் குடும்பம்: பிரவுன் சுகர், ஹெராயின், அப்புறம் மருந்துக்கடையில் கிடைக்கிற வலி மாத்திரைகள். "நம்ம ஊர்ல ஏதுங்க பிரவுன் சுகர், அதெல்லாம் பஞ்சாப் சமாசாரம்" என்று உடனே ஒரு குரல் வரும். பஞ்சாப் சமாசாரம்தான் என்று சென்னையும் ஒரு காலத்தில் நினைத்தது. 1980-களில் அங்கே பிரவுன் சுகர் பரவியது, 90-களில் அதே ஆட்கள் வலி மருந்து ஊசிக்கு மாறினார்கள், ஊசியோடு எச்.ஐ.வி. வந்தது. இப்போது டபென்டடால் என்ற வலி மாத்திரையை இடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றுகிற பையன்களைப் பற்றிச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் செய்தி வராத மாதம் குறைவு. 2018-இல் டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். சந்தை பக்கத்து அட்டைக்குத் தாவிவிட்டது. மாத்திரைக்குக் கஞ்சா மாதிரி வாசனை கிடையாது, மூட்டை கிடையாது, கூரியரில் வரும். போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் வண்டியின் டிக்கியைத் திறந்து பார்க்கிறவர்கள் சட்டைப்பையில் இருக்கும் மாத்திரை அட்டையை என்ன செய்வார்கள்? 2019-இல் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய கணக்கெடுப்பு, அபின் வகைப் போதையால் உதவி தேவைப்படுகிற நிலையில் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர் இருப்பதாகச் சொன்னது. அத்தனை பேரும் அமிர்தசரஸில் குடியிருக்கவில்லை.

இந்த வகைப் போதையின் கணக்கு வேறு. நாள்பட நாள்பட உடம்பு பழகுகிறது. முதல் மாதம் ஒரு மாத்திரையில் கிடைத்தது ஆறாம் மாதம் பத்தில்தான் கிடைக்கும். புதியவன் ஒருவனைக் கொன்றுவிடக்கூடிய அளவைப் பழகியவன் சாதாரணமாகப் போட்டுக்கொண்டு நடமாடுவான். இவனைச் சிறையில் அடைத்தால் அரை நாளில் மூக்கு ஒழுகும், எலும்பு எலும்பாக வலிக்கும், வயிறு பிடுங்கும். இரண்டு மூன்று நாள் நரகம். ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். இதைப் பார்த்துத்தான் "தெளிஞ்சிட்டான்" என்கிறார்கள். கன்னத்தில் சதை போட்டிருக்கும், நேராகப் பார்த்துப் பேசுவான், நேர்காணலுக்குப் போன அம்மாவுக்கு மகன் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கும். உள்ளே நடந்தது இதுதான்: உடம்பின் பழக்கம் போய்விட்டது, மனசின் ஏக்கம் போகவில்லை. மூன்று மாதம் கழித்து வெளியே வருகிறான். பழைய நண்பன் பழைய அளவைக் கையில் கொடுக்கிறான். பழைய அளவைத் தாங்குகிற உடம்பு இப்போது அவனிடம் இல்லை. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து, குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்து, நின்றுவிடும். வீட்டில் தூங்குகிறான் என்று நினைத்துக் கதவைச் சாத்திவைப்பார்கள்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதை மிகையாகி இறக்கும் வாய்ப்பு, அதே மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றால் ஏதாவது காரணம் சொல்லித் தப்பிக்கலாம். 129 மடங்குக்கு என்ன சொல்வது?

நம்மிடம் இந்தக் கணக்கு இல்லை என்பதால் இந்தச் சாவும் இல்லை என்று பொருளாகாது. சிறைக்குள் இறப்பவர்களைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் எண்ணிப் புத்தகம் போடுகிறது. வெளியே வந்த பத்தாம் நாள் இறந்தவனுக்கு அந்தப் புத்தகத்தில் பத்தி கிடையாது. அவன் வீட்டில் நெஞ்சுவலி என்பார்கள். ஊர் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு, "திருந்தி வந்தான், விதி விடல" என்று முடித்துக்கொள்ளும். விதியின் தலையில் போட்டுவிட்டால் ஜெயிலர், கலெக்டர், டாக்டர் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சரி, என்ன செய்வது? இங்கேதான் இரண்டாவது நம்பிக்கையோடு மோத வேண்டியிருக்கிறது. படித்தவர்களிடம்தான் இது அதிகம். அபின் வகைப் போதைக்குப் பூப்ரெனார்ஃபின் என்று ஒரு மருந்து உண்டு. நாக்கின் அடியில் வைத்துக் கரைப்பது. மெத்தடோன் என்று இன்னொன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. "அது மட்டும் போதை இல்லையா? ஒரு சனியனுக்குப் பதில் இன்னொரு சனியன், அதுவும் அரசாங்கச் செலவிலா?" என்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் 90-களில் சென்னையில் நரம்பில் ஏற்றிக்கொண்ட வலி மருந்து இதே பூப்ரெனார்ஃபின்தான். பஞ்சாபிலும் தனியார் மையங்களுக்குப் போன மாத்திரைகளில் பெரும் எண்ணிக்கை கணக்கில் வராமல் போனது பெரிய சர்ச்சையானது. எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இது, மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்த ஆயுதம் எதைக் குத்துகிறது என்று பாருங்கள். மருந்துக்கடையில் கேட்பாரற்று விற்றதும், கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதும்தான் அங்கே நடந்த கோளாறு. காச நோய்க்கு நாம் என்ன செய்தோம்? சுகாதாரப் பணியாளர் கண்முன்னே மாத்திரையை விழுங்க வைத்தோம். அதே மாதிரி, நர்ஸ் கண்ணெதிரில் நாக்கின் அடியில் வைத்து, கரைகிறவரை உட்காரவைத்து அனுப்பும் முறை இந்த நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஏற்கெனவே நடக்கிறது. டெல்லி திகார் சிறையிலேயே 2000-களின் இறுதியில் இதைத் தொடங்கினார்கள். இந்த மருந்து ஓரளவுக்கு மேல் ஏறாது. எவ்வளவு கூட்டினாலும் ஒரு மட்டத்தில் நின்றுவிடும், மூச்சை நிறுத்துகிற ஆபத்து மிகக் குறைவு. ஏக்கத்தை அடக்கும், பழக்கத்தை முற்றிலும் அறுந்துபோக விடாது. அதனால் வெளியே வந்து ஒரு நாள் தடுமாறினாலும் அந்தத் தடுமாற்றம் சாவில் முடிவது குறைகிறது. ஆள் வேலைக்குப் போவான். அதற்குமேல் ஒரு மருந்திடம் என்ன எதிர்பார்க்கிறோம், ஒழுக்கச் சான்றிதழா?

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் 2016-இல் தன் சிறைகளில் இந்த மருந்துகளைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. விடுதலையான பிறகும் வெளியே இருக்கும் மருத்துவமனையில் தொடர ஏற்பாடு செய்தது. அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் அங்கே போதை மிகையாகி இறந்த 179 பேரில் 26 பேர் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள். அடுத்த ஆண்டின் அதே ஆறு மாதத்தில் 157 பேரில் 9 பேர். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் மாவட்டந்தோறும் சிறையை நடத்துகிற ஷெரீஃப்களும் முதலில் போடி டீக்கடைப் பேச்சைத்தான் பேசினார்கள். பிணங்களை எண்ணி எண்ணித்தான் பேச்சு மாறியது.

சட்டம் இடம் கொடுக்காது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை முழுதாகப் படிக்காமலே அதன் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அதன் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்தவனோ உட்கொண்டவனோ போதைக்கு அடிமையானவனாக இருந்து, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்தே விலக்குத் தருகிறது. கஞ்சாவில் சிறிய அளவு என்பது ஒரு கிலோவுக்குக் குறைவானது. 39-ஆம் பிரிவு, தண்டனை தருவதற்குப் பதில் அவன் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைகளையும் மனநோயின் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. சிறைவாசிக்கும் அந்தச் சிகிச்சை உரிமை உண்டு. இத்தனையும் ஏட்டில் இருக்க, ரிமாண்ட் நேரத்தில் "உனக்கு 64ஏ கேட்கலாமப்பா" என்று சொல்ல ஆள் இல்லாமல் ஒரு பையன் உள்ளே போகிறான் என்றால், குறை சட்டத்திலா?

இனி ஊருக்குள் வருகிறேன். வெளியே வந்தவனின் முதல் மாதம் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

போடியிலிருந்தும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் விடிவதற்குள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நெருக்கி உட்கார்ந்து, முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, கேரளத்துப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் போவார்கள். காய் எடுக்கப் பெண்கள், களை வெட்டவும் மருந்தடிக்கவும் ஆண்கள். இறங்கி வீடு வந்துசேர இருட்டும் நேரம். மலையடிவாரத்தில் பெரும்பாலான வீடுகளுக்குச் சோறு போடுவது இந்த ஜீப்தான். ஜாமீனில் வந்தவனுக்கும் ஏற இடம் கிடைக்கும். ஜீப்காரர் பழைய பழக்கம், கங்காணி தெரிந்தவர், "வாடா, ஒழுங்கா வேலையப் பாரு" என்று ஏற்றிக்கொள்வார்கள்.

அவன் ஏற முடியாது. ஏனென்றால் அவன் கையில் இருப்பது கண்டிஷன் பெயில். மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தரைக்குக் கையெழுத்து என்றால் ஐந்தரை ஜீப் போய்விட்டது. அன்றைய கூலி போய்விட்டது. கையெழுத்துப் போட்ட பிறகு பகல் முழுக்கச் சும்மா. ஊரில் பகல் முழுக்கச் சும்மா இருக்கிறவர்கள் யார்? அவனோடு முன்பு பொட்டலம் பிரித்தவர்கள்தான். ஸ்டேஷனிலேயே அவர்களில் சிலரைப் பார்க்கலாம், அவர்களும் கையெழுத்துக்கு வந்திருப்பார்கள். வக்கீல் ஃபீஸுக்கு வாங்கிய கடன் வீட்டில் வட்டி குட்டிபோட்டுக் கொண்டிருக்கும். ஜாமீன்தாரராகச் சொத்துக் காட்டிய மாமா தினமும் ஒரு குத்தல் பேச்சுப் பேசுவார். ஒருவனைப் போதைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று திட்டம் போட்டால்கூட இவ்வளவு கச்சிதமாகப் போட முடியாது.

இதை மாற்ற ஒரு ரூபாய் செலவில்லை. ஜாமீன் உத்தரவில் "காலை 10.30" என்ற இடத்தில் "மாலை 7.00" என்று எழுதினால் போதும். கேட்பதற்கு வக்கீல் வேண்டும், கொடுப்பதற்கு நீதிபதிக்கு மனசு வேண்டும். இரண்டும் கிடைக்காத சரக்கு அல்ல. சாட்சியைக் கலைப்பான், தலைமறைவாவான் என்ற அரசுத் தரப்பு அச்சத்துக்கும் மாலைக் கையெழுத்து குறைவான காவல் ஆகிவிடாது.

தனியார் போதை மறுவாழ்வு மையத்தில் விடலாமே என்கிறார்கள் வசதி உள்ளவர்கள். நல்ல மையங்கள் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய மருத்துவமனை இன்றைக்கும் வழிகாட்டியாக நிற்கிறது. ஆனால் 'மறுவாழ்வு' என்று போர்டு மாட்டிய வீடுகளில் ஆட்களைக் கட்டிப்போட்டு அடித்த கதைகளும், அடியில் செத்த வழக்குகளும் இந்த மாநிலத்தில் இருக்கின்றன. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். கட்டிப்போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு நாம் அப்போதே கொடுத்த விலை அது. சிறையைக் கேட்கும் மனசும் சங்கிலியைக் கேட்கும் மனசும் ஒன்றுதான். கண்ணில் படாத இடத்தில் போட்டுவிட்டால் நோய் போய்விட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது.

தேனி மாவட்டச் சிறை தேக்கம்பட்டியில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. இரண்டும் ஆண்டிபட்டிப் பக்கம்தான்; உள்ளே தொடங்கிய சிகிச்சையை வெளியே தொடர இங்கே பெரிய தடை இல்லை. அமெரிக்காவில் ஒருவன் சிறைக்குப் போனால் அவனுடைய அரசு மருத்துவக் காப்பீடு நின்றுபோகும், வெளியே வந்ததும் மருந்து வாங்க வழியிருக்காது. அதைச் சரிசெய்ய கலிபோர்னியா மாநிலம் மத்திய அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. விடுதலைக்கு 90 நாள் முன்பிருந்தே காப்பீட்டில் சிகிச்சை கொடுக்கலாம் என்ற அந்த அனுமதி 2023 ஜனவரியில்தான் கிடைத்தது. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. அரசு ஆஸ்பத்திரிக் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது, மருந்து இலவசம். 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் மாநில அரசு தொடங்கியது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்கள் சிறைக்குள் போய் வருகிறார்கள். விடுதலையான சிறைவாசிகளுக்கு உதவவென்றே ஒரு சங்கம் இருக்கிறது, நன்னடத்தை அலுவலர் இருக்கிறார். இல்லாதது, இவர்களில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற ஒரு சீட்டு.

அதிகாரிகள் இதற்கு ஒரு நியாயமான பதில் சொல்வார்கள். "தண்டனைக் கைதின்னா விடுதலை தேதி தெரியும், ஏற்பாடு பண்ணலாம். ரிமாண்ட் கைதி என்னிக்குப் போவான்னு எங்களுக்கே தெரியாது. சாயங்காலம் பெயில் ஆர்டர் வரும், ராத்திரி கேட்டைத் திறந்து விட்டாகணும்." உண்மைதான். 2022 கணக்கில் இந்தியச் சிறைகளில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். விடுதலைத் திட்டம் என்பதைக் கடைசி வாரத்தில் செய்ய வேண்டிய வேலை என்று நினைத்தால் அது நடக்காது. அதனால்தான் முதல் நாளே செய்ய வேண்டும். உள்ளே வரும்போது உயரம், எடை, மச்சம் குறிக்கிறார்கள் அல்லவா? அப்போதே என்ன போட்டாய், எவ்வளவு, கடைசியாக எப்போது என்று கேட்டுக் குறிக்கட்டும். அன்றே சிகிச்சை தொடங்கட்டும். அன்றே மருத்துவமனைச் சீட்டு எழுதி அவன் கோப்பில் வைத்துவிடட்டும். ராத்திரி பத்து மணிக்குக் கேட் திறந்தாலும் அவனுடைய செல்போனையும் பெல்ட்டையும் திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் சீட்டும் நாலைந்து நாள் மாத்திரையும் கையில் போகும். கூட்டிப்போக வந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும்: "பழைய அளவு இப்ப இவன் உடம்பு தாங்காதும்மா. மூச்சு குறட்டை மாதிரி வந்தா தூங்குறான்னு விட்டுறாதீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க." இந்த மிகைப் போதையை முறிக்கும் நலாக்சோன் ஊசி அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, போடி அரசு மருத்துவமனையில் அது எந்நேரமும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தாக வேண்டும்.

போடிக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு, மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் கண்ணில் அது படாது. இந்த ஊர்க்காரனின் வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். போடிமெட்டில் கேரளக் கலால் துறை பிடித்தால் அவன் போகிற சிறை தேக்கம்பட்டி இல்லை. தேவிகுளம், பீருமேடு, முட்டம். வழக்கு தொடுபுழாவில். கேரளம் 2016-லிருந்து 'விமுக்தி' என்று ஒரு திட்டம் நடத்துகிறது, போதை மீட்புச் சிகிச்சை அதில் உண்டு. ஆனால் அங்கே தொடங்கிய சிகிச்சை மலை இறங்கும்போது மெட்டிலேயே நின்றுவிடும். தேவிகுளத்தில் விடுதலையாகி, பஸ் பிடித்து, இருட்டில் போடி வந்து இறங்குகிறவனைப் பற்றித் தேனி மாவட்டத்தில் எந்த அதிகாரிக்கும் ஒரு காகிதமும் வருவதில்லை. கடத்தலைத் தடுக்க இரண்டு மாவட்ட அதிகாரிகளும் கூடிப் பேசுவது வழக்கம்தான். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பக்கத்துச் சிறைக் கண்காணிப்பாளர்களையும், இரண்டு பக்கத்து மனநல மருத்துவர்களையும் கூப்பிடட்டும். மலையாளத்தில் எழுதிய சீட்டு க.விலக்கில் செல்லும், தமிழில் எழுதிய சீட்டு கேரளப் பக்கத்து அடிமாலியில் செல்லும் என்று ஒரு உத்தரவு போட்டுவிட்டு எழுந்திருக்கட்டும்.